முதுசமாய் வந்த வண்டி

யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒருவருடைய உடைமைகளை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாகப் பகுத்துக் கூறும். முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்து சேர்வது முதுசம். முதுசம் என்றவுடன் நினைவிற்கு வருவன வீடும் வளவும் வயலும் தோட்டமுமே. மோட்டார் வண்டிகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டில் இவ்வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தந்தையாரோ பேரனாரோ ஓட்டிய பழைய ஜீப்பு வண்டி, கொல்லைப்புறத்துக் கொட்டிலிலே, சில்லுகளில் காற்றிறங்கி, கோழிகள் அடையும் இடமாகிக் கிடக்கின்றது. அதை விற்க மனம் ஒப்பவில்லை, ஓட்டவும் இயலவில்லை. பழைய இரும்பு வாங்குவோர் படலையில் நின்று விலை கேட்கின்றனர். அவ்வண்டியை மீண்டும் தெருவிற்குக் கொண்டுவருதல் கூடுமா? கூடுமாயின், எங்கே தொடங்குவது, எதை மாற்றுவது, எதை மாற்றாது விடுவது?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்கு லாண்ட் றோவர் வண்டி ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் ஒடுங்கிய பாதைகளிலே நெடுங்காலம் உழைத்த இவ்வண்டி, இலங்கையர் பலருக்கும் பழக்கமானது. இந்தியாவில் டார்ஜிலிங்கை அடுத்துள்ள மானேபஞ்சங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரமான சந்தக்பூவிற்கு ஏறும் கற்பாதையிலும், பழைய லாண்ட் றோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளைச் சுமந்து சென்றன. இத்துணை நெடிய ஆயுள் இவ்வண்டிக்கு எவ்வாறு வாய்த்தது? அது பிறந்த கதையிலேயே அதற்கு விடை உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்தவர் மோரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் நாட்டின் அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் அவர் அமெரிக்க இராணுவம் கைவிட்ட வில்லிஸ் ஜீப்பு ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்துபோகவே, அதற்கு ஈடாகத் தாமே ஒரு வண்டி செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1947 ஆம் ஆண்டிலே கடற்கரை மணலில் அதன் உருவத்தை அவர் வரைந்து காட்டினார் என்பர். 1948 ஏப்பிரல் 30 ஆந் திகதி ஆம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் றோவர் உலகிற்கு அறிமுகமாயிற்று. அதன் எந்திரம் 1,595 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 50 குதிரைவலுவும் உடையது. 1958 இல் இரண்டாம் தொடரும், 1971 இல் மூன்றாம் தொடரும் வெளிவந்தன. 1985 வரை மூன்றாம் தொடர் நீடித்தது. இவ்வழியில் வந்த டிபென்டர் வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றபோது, தொடக்கமுதல் செய்யப்பட்டவை 20 இலட்சத்திற்கும் மேற்பட்டிருந்தன.

போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு கடுமையாக நிலவியது. அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ஆகவே வண்டியின் மேற்றகடுகள் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டன. பாரத்தைச் சுமக்கும் அடிச்சட்டம் மட்டும் உருக்குத் தகடுகளை நான்கு பக்கமும் ஒட்டிப் பெட்டிபோல ஆக்கப்பட்டது. பேச்சு வழக்கில் 'செஸி' என்று கூறப்படுவது இதுவே. மேற்றகடுகள் பெரும்பாலும் ஆணியாலும் திருகாணியாலும் பூட்டப்பட்டவை. சாதாரணச் சாவிகளைக் கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றலாம். இவ்வண்டி நெடுங்காலம் நின்று உழைத்ததற்கு இவையே முதற் காரணங்கள்.

ஆனால், பழைய வண்டியை முதுசமாகப் பெற்றவரை ஏமாற்றுவதும் இதே அமைப்புத்தான். அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் கொட்டிலில் நின்ற வண்டியும் வெளித் தோற்றத்திற்கு நல்லதாகவே காணப்படும். சாயம் பூசினாற் போதும் என்று தோன்றும். உள்ளே உருக்குப் பெட்டிக்குள் புகுந்த சேறு நீரைப் பிடித்துவைத்து, அகத்திருந்து புறமாக அரித்திருக்கும். கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பு இவ்வழிவை விரைவுபடுத்தும். மேலும், அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம் போன்ற நிலை உண்டாகி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். எனவே, முகத்தைப் பார்த்து வண்டியை மதித்தல் ஆகாது.

முதல் வேலை, ஒரு சிறு சுத்தியலுடன் வண்டியின் கீழே செல்வதாகும். அவ்வாறு செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. லாண்ட் றோவரின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டியின் பின்னுள்ள சுழற்தண்டைப் பிடிப்பது. பின்சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்திய அக்கணமே, பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்சியல் பற்சக்கரங்கள் மற்றச் சில்லை உருள விட்டுவிடும். கைப்பிறேக் இழுத்திருந்தும் வண்டி நகரும். ஆகையால், நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே செல்லலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகள் வைத்தல் இன்றியமையாதது.

கீழே சென்றபின் அடிச்சட்டத்தை முனையிலிருந்து முனைவரை மெல்லத் தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். உக்கிய இடம் மங்கிய ஓசை தரும். பின்புறக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் உடலைத் தாங்கும் கைகள், தகட்டு ஸ்பிறிங்குகள் பூட்டிய இடங்கள், சாரதியின் கால்படும் தளம், கதவு பூட்டிய தூண் ஆகியனவே முதலிற் கெடுபவை. ஓரிரண்டு இடங்களே கெட்டிருப்பின் அவற்றை வெட்டி நீக்கி, புதிய தகட்டை ஒட்டலாம். ஓட்டையின்மேல் ஓட்டுப்போட்டுச் சாயம் பூசுவது திருத்தமன்று, மறைத்தலே. ஸ்பிறிங் பூட்டிய இடம் ஓடும்போது பிய்ந்தால் அச்சு இடம்பெயரும். மலைப் பாதையிலே அதன் விளைவு சொல்ல வேண்டியதில்லை.

அடிச்சட்டம் முழுதும் உக்கியிருந்தால், நாகமுலாம் பூசிய புதிய அடிச்சட்டத்தை வாங்கிப் பூட்டுதல் இயலும். ஆனால் இங்கே சட்டமும் குறுக்கிடுகின்றது. வண்டியின் அடையாளம் அடிச்சட்ட இலக்கத்திலும் எந்திர இலக்கத்திலும் தங்கியுள்ளது. அவ்விலக்கங்கள் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். இறந்தவரின் பெயரிலேயே பதிவு இருந்தால், உரிமையை வாரிசின் பெயருக்கு மாற்றுவதே முதற் கருமம். சகோதரர் பலர் இருக்கும் குடும்பத்தில் ஒருவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு வண்டியைப் புதுக்கியபின் உரிமைப் பிணக்கு எழுந்தால், வண்டியும் போகும், உறவும் போகும். அடிச்சட்டத்தையோ எந்திரத்தையோ மாற்றுவதற்கு முன்னரும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்வது அறிவுடைமை.

நெடுநாள் உறங்கிய எந்திரத்தை எழுப்புவதிலும் பொறுமை தேவை. பற்றரியைப் பூட்டி உடனே சுழற்றுபவர், ஒட்டிக்கிடக்கும் பிஸ்டன் வளையங்களை உடைத்துவிடக்கூடும். பெற்றோல் எந்திரமாயின் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்தபின், முன்புறத்துக் கைபிடியால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழலுமாயின் பழைய ஒயிலை வடித்துப் புதியது ஊற்றலாம். எரிபொருட் தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் பயன்படாது. அதையும் வடித்துத் தாங்கியைக் கழுவ வேண்டும். வெறுந்தாங்கி என எண்ணி அதனருகே நெருப்பைக் கொண்டுசெல்வது பேராபத்து. தாங்கியில் தங்கிய ஆவி வெடிக்க வல்லது. பழைய பிறேக் பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். காற்றால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து அகற்றல் நன்று.

எந்திரம் முழங்கத் தொடங்கியதும் வீட்டாரின் மகிழ்ச்சிக்கு அளவிராது. ஒருமுறை ஊரைச் சுற்றிவர எல்லோரும் விரும்புவர். அவ்விருப்பத்திற்கு இணங்கலாகாத வேளையும் அதுவே. பிறேக்கை முற்றாகப் புதுக்காமல் வண்டி படலையைத் தாண்டக்கூடாது. பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் குழாய்களும் சில்லுகளிலுள்ள சிறு சிலிண்டர்களும் உள்ளே துருவேறி இறுகியிருக்கும். பழைய லாண்ட் றோவர்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவ வழியே உண்டு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் காற்பிறேக் முழுவதும் செயலற்றுப்போம். ஆதலால் குழாய்கள், இறப்பர்ப் பாகங்கள், பட்டைகள் யாவற்றையும் புதிதாக மாற்றல் வேண்டும். பின்னர் வந்த மாதிரிகளில் அமைந்த இருவழிப் பிறேக்கையும், காலின் உழைப்பைக் குறைக்கும் வெற்றிட உதவியையும் பழைய வண்டிக்குப் பொருத்துவது, செய்யத்தக்க மேம்பாடுகளில் முதலிடம் பெறும்.

அடுத்தது ரயர். பூ தேயாதிருப்பினும் வெயிலிலும் வயதிலும் வெடித்த ரயர் நம்பத்தக்கதன்று. இருவகை ரயர்களை ஒரே அச்சிற் கலந்து பூட்டுவதும் தவறு. இருக்கைப் பட்டி பூட்டுவோர், மெல்லிய அலுமினியத் தகட்டில் அதைத் திருகிவிட்டு அமைதி கொள்ளக்கூடாது. உருக்குச் சட்டத்துடன் பிணைத்தாலன்றி அது விபத்தில் உதவாது.

மின்சார அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. 1960களின் நடுப்பகுதிவரை வந்த லாண்ட் றோவர்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. இதனை அறியாது புதிய ஒல்ரனேற்றரைப் பூட்டினால் அது நொடியில் எரிந்துபோம். முனைகளை முறையாக மாற்றி, வெடிப்புற்ற வயர்களை நீக்கிப் புதுவயரும் போதிய பியூசுகளும் இட்டபின், பழைய டைனமோவிற்குப் பதிலாக ஒல்ரனேற்றர் வைத்தால் இரவுப் பயணத்தில் விளக்குகள் நன்கு ஒளிரும்.

இவ்வளவும் முடிந்தபின்னரே வேகத்தைப் பற்றிய எண்ணம் வரலாம். இரண்டாம் தொடரின் 2,286 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எந்திரம் 80 குதிரைவலுவிற்கும் குறைந்தது. அதனை நீக்கி வலிமைமிக்க வேறோர் எந்திரத்தை வைக்கும் ஆசை இளைஞர் பலருக்கு உண்டு. ஆனால் ஒரு சங்கிலியில் ஒரு வளையத்தை மட்டும் தடிப்பாக்கினால் மெலிந்த வளையம் அறுந்துபோம். இத்தொடர் வண்டிகளின் பின்னச்சுள் ஓடும் தண்டுகள், மூல எந்திரத்தின் வலுவோடேயே சிலவேளை முறிபவை. கூடிய வலுவை அவை தாங்கா. வேகம் கூடினால் பிறேக்கும் அதற்கு ஈடாக வேண்டும். நெடுஞ்சாலைப் பயணம் மிகுதியாயின், எந்திரத்தை மாற்றாமலே ஓவர்டிரைவ் எனும் துணைக் கியரைச் சேர்க்கலாம். 1970களில் இவ்வண்டிக்கென வந்த அத்தகைய கருவி, எந்திரச் சுழற்சியைக் கூட்டாமலே வேகத்தை ஏறத்தாழ 28 வீதம் உயர்த்த வல்லது.

ஓட்டும் முறையையும் கற்றுக்கொள்ள வேண்டும். மஞ்சட் குமிழை அழுத்தினால் முன்சில்லுகளுக்கும் விசை செல்லும். சிவப்புக் குமிழைப் பின்னிழுத்தால் தாழ்ந்த கியர் வரிசையும் சேரும். இவை சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்றத்துக்கும் உரியவை. முன்னச்சும் பின்னச்சும் நடுவில் நெகிழ்வின்றிப் பிணைக்கப்படுவதால், உலர்ந்த தார்த்தெருவில் நாற்சில்லு இயக்கத்துடன் திரும்பினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். பழைய வண்டிகளிற் சில, தேய்ந்து கெட்டவையல்ல, அறியாமையாற் கெடுக்கப்பட்டவை.

சாயம் பூசுவது இறுதி வேலை. இங்கேதான் மனத்திற்கும் ஒரு சோதனை. தந்தையார் பலாமரத்தில் இடித்த நெளிவு, மூட்டைகள் உரசித் தேய்ந்த பின்கதவு, அவர் கைபட்டு மெருகேறிய சுக்கான் வளையம் ஆகியவற்றை அழிப்பதா, வைப்பதா? உயிரைக் காக்கும் பாகம் எதுவாயினும், எத்துணை நினைவு சார்ந்ததாயினும், கெட்டிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். உயிரோடு தொடர்பற்ற வடுக்களையோ விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியிலிட்டு வைப்பதும், ஒவ்வொரு வேலையையும் திகதியிட்டுக் கொப்பியில் எழுதி வைப்பதும் அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உதவியாகும்.

வெறுமனே நிறுத்திவைத்த வண்டி நாளுக்குநாள் இரும்பாகிக்கொண்டிருக்கும். அடியிலிருந்து ஆராய்ந்து, பிறேக்கை முதலும் சாயத்தை ஈற்றிலும் வைத்து, சிறுகச் சிறுக உழைத்து அதனைத் தெருவிற்குக் கொண்டுவந்தவரிடத்தில், முன்னோர் தந்த முதுசம் அவர் தம் கையால் தேடிய தேட்டமாகவும் ஆகிவிடுகின்றது.