ஸ்கியொப்பெத்தீனோ

ஸ்கியொப்பெத்தீனோ என்பது இத்தாலியின் வடகிழக்கில், சுலோவீனிய எல்லையை ஒட்டிய பிரியூலி பகுதிக்கே உரிய கருந்திராட்சை வகையும், அதிலிருந்து செய்யப்படும் சிவப்பு வைனும் ஆகும். இதற்கு ரிபோல்லா நேரா என்றும் பெயர் உண்டு. பிரெப்போத்தோ ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகளே இதன் தாயகம். சிறிய பரப்பிலேயே பயிராவதால் வைன் குறைந்த அளவில்தான் கிடைக்கிறது. கடித்தால் கனியின் தோல் வெடிப்பதாலேயே, வெடிப்பொலியைக் குறிக்கும் இப்பெயர் வந்தது என்பர்; புட்டியில் நுரைத்ததால் வந்தது என்பாரும் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைலொக்சரா என்னும் பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேர்களை அழித்தது. மறுநடவில் மெர்லோ போன்ற பிரெஞ்சு வகைகள் இடம்பிடித்தன. ஆனால் பூச்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. 1970களில் அனுமதிக்கப்பட்ட வகைகளின் பட்டியலிலேயே இத்திராட்சை இல்லை. அப்போது இதைப் புதிதாக நடுவது சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தது.

1970இல் சால்லா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட பண்ணையொன்றை வாங்கிய பவுலோ, தினா ரப்புத்சி தம்பதியர், ஆங்காங்கே எஞ்சிய பழைய கொடிகளைத் தேடிப் பெருக்கி நட்டனர். நாட்டுத் திராட்சைகளைக் காக்க நொனீனோ குடும்பத்தினர் 1975இல் நிறுவிய பரிசு, 1976இல் இவர்களுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அறுவடையில் இவர்களது முதல் ஸ்கியொப்பெத்தீனோ உருவானது. பின்னர் தடையும் நீங்கியது.

இவ்வைனின் தனிச்சிறப்பு மிளகு மணம். இதில் மிளகு சேர்ப்பதில்லை. மிளகுக்கு மணம் தரும் ரொட்டன்டோன் என்னும் சேர்மம் இத்திராட்சையின் தோலிலும் இயல்பாகவே உண்டாகிறது.