நடுக்களத்தில் நின்றவர்

ஏரி நிறைந்திருப்பதனால் மட்டும் வயல் விளைந்துவிடாது. தேங்கிய நீரை வேண்டும்பொழுது வேண்டும் அளவு திறந்துவிட மதகு ஒன்று வேண்டும். விளைந்த கதிரைக் கண்டு மகிழ்வோர் பலர். மதகை நினைப்போர் மிகச் சிலர். காற்பந்தாட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரரின் நிலையும் இத்தகையதே.

காற்பந்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடுவர். அவருள் ஒருவர் கோல் காவலர். அவருக்கு முன்னே நின்று எதிரியின் தாக்குதலைத் தடுப்போர் பின்காப்பாளர். எதிரியின் எல்லைக்குட் புகுந்து கோல் அடிக்க முயல்வோர் முன்னணியினர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே உள்ள பரந்த வெளியே நடுக்களம். அங்கு ஆடுபவருக்கு ஓய்வு என்பதே இல்லை. தம் அணி தாக்கும்பொழுது முன்னே ஓட வேண்டும். பந்து எதிரியிடம் சென்ற மறுநொடியே பின்னே ஓடிவந்து காக்க வேண்டும். 90 நிமிட ஆட்டத்தில் இத்தகையோர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுவர் என்று இன்றைய அளவீடுகள் காட்டுகின்றன. ஓட்டத்தினும் அரியது நோக்கு. பந்து தம் காலை வந்தடையும் முன்னரே, அதனை அடுத்து யாருக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்திருத்தல் வேண்டும். அவர் அனுப்பிய பந்தைக் கொண்டு மற்றொருவர் கோல் அடிப்பார். ஆரவாரம் அம்மற்றொருவருக்கே செல்லும். தம் உழைப்பின் பயன் பிறர் கையிற் சேர்வதைக் கண்டு மகிழும் உள்ளம் படைத்தவரே அவ்விடத்தில் நிலைக்க முடியும்.

அத்தகைய உள்ளத்தோடு நடுக்களத்தில் நின்று உலகப் புகழ் பெற்றவர் பாபி சார்ல்டன். அவருடைய ஆட்ட வாழ்க்கையில் வெற்றிகள் பல உண்டு. அவ்வெற்றிகளுக்கு அடியில் ஆறாத் துயரம் ஒன்றும் உண்டு. அத்துயரத்தை அறியாமல் அவருடைய வெற்றிகளை அளவிடல் இயலாது.

இங்கிலாந்தின் வடகிழக்கில் நார்த்தம்பர்லாந்து என்னும் மாவட்டம் உள்ளது. அதிலுள்ள ஆஷிங்டன் என்னும் ஊர் நிலக்கரிச் சுரங்கங்களால் வாழ்ந்த ஊர். அங்கே 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் பாபி பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. தாயார் சிஸ்ஸி காற்பந்துக் குடும்பத்தில் தோன்றியவர். அவருடன் பிறந்த ஆடவர் நால்வரும் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கினர். அக்காலத்தில் ஆஷிங்டனில் பிறந்த சிறுவர்க்குச் சுரங்கம் ஒன்றே எதிர்காலமாகத் தோன்றியது. அண்ணன் ஜாக் சிறிது காலம் சுரங்கத்துட் சென்று பார்த்து, அது வேண்டாமென்று வெளியேறிக் காற்பந்தை நாடினார். தம்பியோ பள்ளிப் பருவத்திலேயே காற்பந்துத் திறத்தால் பெயர் பெற்று, 1953ஆம் ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் பயிற்சியாளனாகச் சேர்ந்தார். காற்பந்து கைவிட்டாலும் ஒரு தொழில் இருக்கட்டும் என்று தாயார் விரும்பினமையால், தொடக்கத்தில் பொறியியல் நிறுவனம் ஒன்றிலும் அவர் தொழில் பழகினார்.

அக்கழகத்தின் மேலாளர் மேட் பஸ்பி என்னும் பெருந்தகை. பிற கழகங்களிலிருந்து பெரும்பொருள் கொடுத்து ஆட்டக்காரரை வாங்குவதினும், இளைஞரைத் தேடிக் கொணர்ந்து வளர்த்தலே சிறந்தது என்பது அவர் கொள்கை. அவருக்குத் துணையாக இருந்த ஜிம்மி மர்பி பாபியைத் தனியே அழைத்துச் சென்று கடும்பயிற்சி அளித்தார். இரு காலாலும் ஒரே வலிமையோடு பந்தை உதைக்கும் திறம் பாபியின் தனிச்சிறப்பாயிற்று. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் முதன்முதலாகக் கழகத்தின் முதன்மை அணியில் ஆடி, அன்றே இரண்டு கோல் அடித்தார். அவ்வணியினர் பலரும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்; மக்கள் அவர்களைப் 'பஸ்பியின் பிள்ளைகள்' என்று அன்போடு அழைத்தனர். அவருள் தலைசிறந்தவர் டங்கன் எட்வர்ட்ஸ். தாம் கண்ட ஆட்டக்காரருள் தம்மைச் சிறியவனாக உணரச் செய்தவர் எட்வர்ட்ஸ் ஒருவரே என்று பாபி பிற்காலத்தில் கூறியதுண்டு.

1958ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள். ஐரோப்பியக் கோப்பைக்கான கால் இறுதி ஆட்டம் ஒன்று யூகோசுலாவியாவின் தலைநகரான பெல்கிரேடில் நடந்தது. ஆட்டம் 3-3 என்று சமமாக முடிந்தது; பாபி இரண்டு கோல் அடித்தார். முன்னர் மான்செஸ்டரில் பெற்ற வெற்றியையும் சேர்க்க, அவருடைய கழகம் அரை இறுதிக்குத் தகுதி பெற்றது. சனிக்கிழமை உள்நாட்டில் ஆட வேண்டியிருந்தமையால் மறுநாளே வானூர்தியில் புறப்பட்டனர். எரிபொருள் நிரப்புவதற்காக வானூர்தி ஜெர்மனியின் மியூனிக் நகரில் இறங்கியது. அங்குப் பனி பெய்துகொண்டிருந்தது. மீண்டும் பறக்க எடுத்த முதல் இரு முயற்சிகளும் பொறிக்கோளாற்றால் கைவிடப்பட்டன. மூன்றாம் முறை ஓடியபொழுது, ஓடுபாதையின் கடைப்பகுதியில் தேங்கிக் கிடந்த பனிச்சேறு சக்கரங்களைத் தடுத்தது. வேகம் குறைந்தது, வானூர்தி மேலெழவில்லை. பாதையின் எல்லையைக் கடந்து ஓடி, ஒரு வீட்டில் மோதிச் சிதைந்தது.

அதில் இருந்தோர் 44 பேர். மாண்டோர் 23 பேர். அவருள் எண்மர் மான்செஸ்டர் அணியின் ஆட்டக்காரர். கோல் காவலர் ஹாரி கிரெக் எரியும் வானூர்தியை விட்டு ஓடாது, உள்ளே திரும்பிச் சென்று ஒரு குழவியை மீட்டார். பாபியையும் இழுத்து அப்பால் கொணர்ந்தார். டங்கன் எட்வர்ட்ஸ் மருத்துவமனையில் பதினைந்து நாள் உயிருக்குப் போராடி மாண்டார். அவருக்கு வயது 21. உயிர் தப்பிய ஆட்டக்காரருள்ளும் இருவர் பின்னர் ஆடவே இயலாதவராயினர். மேட் பஸ்பி சாவின் வாயில்வரை சென்று மீண்டார். விபத்துக்கு வானோட்டியே காரணம் என்று முதலில் குற்றம் சாட்டினர். பனிச்சேறே காரணம் என்று பிரித்தானிய விசாரணை கண்டு, அவர்மீது இருந்த பழியை நீக்கியது 1969ஆம் ஆண்டில்தான்.

பாபிக்கு அப்பொழுது வயது 20. தலையிற் சிறு காயம் மட்டுமே பட்டிருந்தது. உடற்காயம் விரைவில் ஆறியது, உள்ளக்காயம் ஆறவில்லை. உடன் உண்டு, உடன் உறங்கி, உடன் ஆடிய நண்பர் மாண்டிருக்கத் தாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அவ்வினாவுக்கு விடை கிடைப்பதன்று. ஆயினும் அவர் ஆட்டத்தைத் துறக்கவில்லை. ஆஷிங்டனில் சில நாள் தங்கி, மார்ச்சுத் திங்கள் முதல் நாளே மீண்டும் களம் இறங்கினார். முதியோர் சிலரையும் இளைஞர் சிலரையும் கொண்டு மர்பி ஒருவாறு திரட்டிய அணி, அவ்வாண்டு இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது.

அதன்பின் பஸ்பி தம் அணியை அடியிலிருந்து கட்டினார். அது பத்தாண்டுப் பணி. 1963இல் சங்கக் கோப்பையும், 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் முதன்மைப் பட்டமும் கழகத்தை வந்தடைந்தன. இக்காலத்தில்தான் பாபியின் ஆட்டமும் மாறியது. இளமையில் முன்னணியிலும், பின்னர்ச் சில ஆண்டுகள் இடப்புற ஓரத்திலும் ஆடிவந்த அவர், நடுக்களத்துக்குக் கொண்டுவரப்பட்டார். ஓரத்தில் ஆடுபவருக்குத் தம் எதிரே நிற்கும் ஒருவரை வென்றால் போதும். நடுக்களத்தில் ஆடுபவரோ நாற்புறமும் நோக்கித் தம் அணி முழுவதையும் இயக்க வேண்டும். பாபி அப்பொறுப்பை மனமுவந்து ஏற்றார். தொலைவில் ஓடும் தோழரின் காலடியிற் பந்தைக் கொண்டு சேர்த்தார். இடம் கிடைத்தபொழுது தாமே முன்னேறித் தொலைவிலிருந்து பேராற்றலுடன் உதைத்தார்.

1966ஆம் ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்கள் இங்கிலாந்தில் நடந்தன. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து ஒரு கோலும் அடிக்கவில்லை. மெக்சிகோவோடு நடந்த அடுத்த ஆட்டத்தில், பாபி தம் பாதியிலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு ஓடித் தொலைவிலிருந்தே உதைத்து அடித்ததுதான் நாட்டின் முதற்கோல். போர்த்துகலோடு நடந்த அரை இறுதியில் இங்கிலாந்து 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் பாபி அடித்தவையே. மைந்தர் இருவரும் நாட்டுக்காக ஆடிய அந்நாளில், தந்தையார் தம் தோழரோடு சுரங்கத்தில் வேலைக்குச் சென்றிருந்தார்! உடன் உழைப்பவரைக் கைவிடலாகாது என்னும் பண்பு மைந்தருக்கு எங்கிருந்து வந்தது என்பதை இது விளக்கும்.

ஜூலை 30ஆம் நாள் மேற்கு ஜெர்மனியோடு இறுதி ஆட்டம் நடந்தது. அன்று பாபி ஒரு கோலும் அடிக்கவில்லை. பெக்கன்பவர் என்னும் இளம் ஜெர்மானிய வீரர் பாபியை விடாது தொடர்ந்தார். பாபியும் அவரை விடாது தொடர்ந்தார். ஒருவரையொருவர் கட்டிப்போட்டதனால் பிறருக்குக் களம் திறந்தது. கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 4-2 என்று வென்றது. மூன்று கோல் அடித்த ஹர்ஸ்ட் என்பவரின் புகழை நாடே பாடியது. தம் பெயர் எழுதப்படாத வெற்றிக்காகத் தம் ஆற்றல் முழுவதையும் கொடுத்தல் நடுக்கள அறம். பாபி அன்று அதனை நிறைவேற்றினார். அவ்வாண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்கே அளிக்கப்பட்டது.

ஆயினும் கடன் ஒன்று எஞ்சியிருந்தது. மியூனிக்கில் மாண்டோர் நாடிச் சென்ற ஐரோப்பியக் கோப்பையை அதுவரை எந்த ஆங்கிலக் கழகமும் பெற்றதில்லை. 1968ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், லண்டன் வெம்பிளியில் மான்செஸ்டர் யுனைடெட் அதன் இறுதி ஆட்டத்தில் பென்பிக்கா என்னும் போர்த்துகீசியக் கழகத்தை எதிர்த்து ஆடியது. அணித்தலைவர் பாபி. விபத்தில் உயிர் தப்பிய பில் ஃபோக்ஸும் உடன் ஆடினார். களத்தின் ஓரத்தில் பஸ்பி அமர்ந்திருந்தார். முதற்கோலைப் பாபி தலையால் முட்டி அடித்தார். கூடுதல் நேரத்தின் இறுதியில் ஆட்டம் 4-1 என்று முடிந்தது. நான்காம் கோலும் அவருடையதே. கோப்பை வந்தது, அதனைக் காண எண்மர் இல்லை. அன்றிரவு நடந்த வெற்றி விருந்துக்குப் பாபி செல்லவில்லை. உடல் சோர்ந்து, விடுதி அறையிலேயே படுத்திருந்தார்.

ஏற்றம் உள்ள வாழ்வில் இறக்கமும் உண்டு. 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் கால் இறுதியில் பாபி தம் நாட்டுக்காக 106ஆம் முறை ஆடினார். ஆட்டம் முடியுமுன் அவரை வெளியே அழைத்து மற்றொருவரை இறக்கினர். முன்னணியில் இருந்த இங்கிலாந்து அதன்பின் 3-2 என்று மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது. அதுவே நாட்டுக்காக அவர் ஆடிய இறுதி ஆட்டமாயிற்று. கழகத்துக்காக 758 ஆட்டங்கள் ஆடி 249 கோல் அடித்த பின்னர், 1973இல் அங்கிருந்தும் விடைபெற்றார். நாட்டுக்காக அவர் அடித்த 49 கோலும், கழகத்துக்காக அடித்த 249 கோலும் நெடுங்காலம் முறியாச் சாதனைகளாக நின்றன. இத்தனை ஆண்டுகளில் முறைகேடாக ஆடியதற்காக ஒருமுறையேனும் அவர் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டாரல்லர். பின்னர் பிரஸ்டன் கழகத்தின் மேலாளராகி அதில் வெற்றி காணவில்லை. நன்கு ஆடத் தெரிந்தவர் எல்லோரும் பிறரை ஆட்டுவிக்கவும் வல்லராதல் இல்லை.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கம்போடியாவில் கண்ணிவெடிகளாற் கால் இழந்தோரை நேரிற் கண்டு உள்ளம் உருகினார். புதைந்து கிடக்கும் வெடிகளை எளிதிற் கண்டறியும் வழிகளை ஆராய்வதற்காக 2011இல் அறநிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். காலின் திறத்தாற் புகழ் பெற்றவர், காலிழந்தோரின் துயரைத் தம் துயராகக் கொண்டதில் வியப்பில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், தம் 86ஆம் வயதில் அவர் மறைந்தார். மியூனிக்கில் உயிர் தப்பிய ஆட்டக்காரருள் இறுதியாக மறைந்தவர் அவரே.

மாணவர்களே! நம்முள் பலர் கோல் அடிப்பவராக விளங்கவே விரும்புகின்றோம். வீட்டிலும் வகுப்பிலும் நாட்டிலும், பந்தைப் பெற்றுப் பிறர்க்கு அளிப்பவரின்றி எவ்வெற்றியும் கிட்டுவதில்லை. எஞ்சிய உயிரைத் தமக்கே உரிய பேறு என்று பாபி சார்ல்டன் கருதவில்லை. மாண்ட தோழருக்குத் தாம் செலுத்த வேண்டிய கடன் என்று கருதினார். அக்கடனைத் துயரத்தால் அன்றி உழைப்பால் செலுத்தினார். அதனாலேயே அவர் வாழ்வு நாம் கற்கத் தக்க பாடமாகின்றது.