மேசைத் துணிக்கு அந்தப் பக்கம்

அந்த வெள்ளைத் துணியை மட்டும் யாரும் தூக்கிப் பார்த்துவிடக் கூடாது. ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, அதாவது மென்பொருள் சுதந்திர தினம். 2004-இல் தொடங்கிய விழா, 2006 முதல் இந்தச் சனிக்கிழமையில் ஊர் ஊராக நடக்கிறது. மேசைகளின் மேல் கம்ப்யூட்டர்கள் மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. துணிக்கு அடியில்? பிஸ்கட் கம்பெனி அட்டைப்பெட்டி, ஒரு மூட்டை ஒயர், மேசை ஆடாமலிருக்க ரெண்டு செங்கல், பாதி தின்ற பஜ்ஜிப் பொட்டலம், அப்புறம் நான்.

நான் ஏன் அடியில் என்றால், ஏழாம் நம்பர் மேசையில் இருப்பது என் வீட்டுப் பெட்டி. அதைத் தனியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போக மனசு வரவில்லை.

இங்கே எதுவும் கடையில் வாங்கியதில்லை, வாடகைக்கு எடுத்ததும் இல்லை. எல்லாம் இரவல். வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் இந்த வழக்கம் புதிதும் இல்லை. சென்னை லினக்ஸ் குழுவினர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வகுப்பறையில் கூடிய காலத்தில், வீட்டு சி.பி.யு.வை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய் லினக்ஸ் ஏற்றிக்கொண்டு வந்த தலைமுறை ஒன்று உண்டு. அந்தத் தலைமுறை இப்போது முதுகுவலியோடு இருக்கிறது. அதில் நானும் ஒருத்தன்.

புதன்கிழமை கண்காட்சி நடத்துகிறவர்களிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, உங்ககிட்ட பழைய சி.ஆர்.டி. மானிட்டர் இருக்குல்ல? 17 இன்ச்சு? அப்படியே சி.பி.யு.வும், அந்த டக்கு டக்கு கீபோர்டும்."

இருக்கிறது. டி.வி.எஸ். கோல்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே செர்ரி ஸ்விட்ச். தட்டினால் தெருமுனை வரை கேட்கும். 'தர்றேன்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த நிமிஷமே வயிற்றைப் பிசைந்தது.

அம்மாதான் கேட்டாள்: "குடம், அண்டான்னா பேர் வெட்டிக் குடுக்கலாம். இதுல எங்கடா வெட்டுறது?"

நியாயமான கேள்வி. எங்கள் காலாடிப்பேட்டையில் பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு அண்டா போகும், குத்துவிளக்கு போகும், ஜமக்காளம் போகும். பேர் வெட்டிய பாத்திரம் சுற்றிச் சுற்றி வந்து, ஒருநாள் வீடு சேரும். (பேரைப் பற்றிப் பேசும்போது ஒன்று: காலாடிப்பேட்டையின் பேரே இரவல்தான். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பேரில் எழுந்த நெசவாளர் குடியிருப்பு 'காலெட்பேட்டை'. நம் வாயில் விழுந்து காலாடியாகிவிட்டது.) கடைசியில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, மார்க்கர் பேனாவால் 'கா.பே.' என்று எழுதினேன். மானிட்டர் முதுகில் ஒன்று, சி.பி.யு.வில் ஒன்று, கீபோர்டுக்கு அடிவயிற்றில் ஒன்று.

பிறகு மூடியைத் திறந்தேன். மூன்று வருஷமாகத் திறக்காத பெட்டி! மற்ற ஊர் கம்ப்யூட்டரில் தூசி பழுப்பாக இருக்கும். எங்கள் ஊரில் கருப்பு. எக்ஸ்பிரஸ் ரோட்டில் நாள் முழுக்க ஓடும் டிரெய்லர்களின் புகை, ஃபேன் இறக்கையில் மை மாதிரி அப்பிக் கிடந்தது. கடற்காற்று தன் பங்குக்கு ஸ்குரூ தலைகளைத் துருவாக்கி வைத்திருந்தது. ஸ்விட்சைப் போட்டால் பீப், பீப், பீப். திரையில் ஒன்றும் இல்லை. ராம் உட்காரவில்லை என்று அர்த்தம். இதற்கு வைத்தியம் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒன்றுதான்: ராமை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது. அக்கா மகளின் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் கிடைத்தது. தேய்த்தேன். ரப்பர் கருத்தது. மறுபடி ஸ்விட்ச். ஒரே ஒரு பீப்! அந்த ஒற்றை பீப்பைப் போல இனிமையான சங்கீதம் கிடையாது. கம்ப்யூட்டர் எழுந்து, இன்றைய தேதி 2002 ஜனவரி 1 என்றது. காசு அளவு பேட்டரி செத்துப்போயிருந்தது. மாற்றினேன்.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். அதில் அக்கா கல்யாண வீடியோ, அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், நான் எழுதிப் பாதியில் விட்ட நாவல். அதிலும் அந்த நாவலை எவன் கண்ணிலும் காட்ட முடியாது. கண்காட்சியில் பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடிவிடும்.

வெள்ளி சாயங்காலம் குட்டியானை வந்தது. டிரைவர் அண்ணன் மானிட்டரைப் பார்த்துச் சிரித்தார்: "இன்னாபா, டிவியா? இவ்ளோ முதுகு வெச்ச டிவிய இப்ப எவன் பாக்குறான்?" கண்ணாடிப் பக்கம்தான் கனம் என்பதால், திரையை நெஞ்சோடு சேர்த்துக் குழந்தையைத் தூக்குகிற மாதிரிதான் தூக்க வேண்டும். போர்வை சுற்றிப் பின்னால் நானும் அதுவும் உட்கார்ந்தோம். இடப்பக்கம் கடல், பாறைக்கல் மேல் அலை. வலப்பக்கம் துறைமுகத்துக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர்கள். பல கோடி ரூபாய் சரக்கு அசையாமல் நிற்க, எடைக்குப் போட்டால் முந்நூறு ரூபாய் தேறாத என் பெட்டி காசிமேட்டு மீன் வாசனைக்கு நடுவே ஜம்மென்று போயிற்று.

மண்டபத்தில் ஒரு தம்பி நீளமான கணக்கு நோட்டோடு நின்றான். 'மானிட்டர் 1, சி.பி.யு. 1, கீபோர்டு 1, பவர் கேபிள் 2, காலாடிப்பேட்டை அண்ணன்.' கையெழுத்துப் போட்டேன். மொய் நோட்டேதான்!

இரவு ஒன்பது மணிக்குத்தான் நிஜமான கண்காட்சி தொடங்கியது. எல்லாவற்றையும் ஒரே சுவரில் சொருகிவிட்டார்கள். ஒருவன் இஸ்திரிப் பெட்டியால் மேசைத் துணியைத் தேய்க்க ஆரம்பித்தான். படக்! டிரிப். மண்டபமே இருட்டு. அந்த இருட்டில் இரவல் யு.பி.எஸ்.கள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. ஒன்று கீச் கீச், ஒன்று கூ கூ, ஒன்று தொண்டை கட்டிய தவளை. வேடிக்கை என்னவென்றால், இருட்டிலேயே அவரவர் தன் யு.பி.எஸ்.ஸைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துப் போய் அணைத்தார்கள்.

மூன்றாம் நம்பர் மேசையின் ரகசியத்தைச் சொல்லட்டுமா? அங்கே ஒரு இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். 1982-இல் வந்த பிரிட்டிஷ் கம்ப்யூட்டர், 48 கே நினைவகம், ரப்பர் கட்டைகள். ஒருவருடைய மாமா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது. இதற்கு மானிட்டர் கிடையாது. டிவியின் ஆன்டெனா துளையில் மாட்டி, யு.எச்.எப். 36-ஆம் சேனலில் தேட வேண்டும். விளையாட்டு கேசட்டில் இருக்கும். டேப் ரெக்கார்டரை ஓட்டினால் கிரீச் என்ற சத்தமும், திரை ஓரத்தில் வண்ணக் கோடுகளுமாக நாலைந்து நிமிஷத்தில் ஏறும். ஆனால் டேப் ரெக்கார்டரின் பெல்ட் இளகிவிட்டது. அதனால் மேலே நிற்கும் டேப் ரெக்கார்டர் சும்மா அலங்காரம். துணிக்குப் பின்னால் ஒரு செல்போனிலிருந்து அதே கிரீச் சத்தம் ஒயர் வழியாகப் போகிறது. மறுநாள் கேசட் காலத்து ஆட்கள் கண்ணில் நீர் முட்டப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு செல்போனின் திருவிளையாடலை!

குற்ற உணர்ச்சி வேண்டாம். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஜிம் வாரன் நடத்திய வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் சந்தையில்தான் ஆப்பிள் 2 முதன்முதலாகக் கூட்டத்தின் முன் வந்தது. முடிந்து தயாராக இருந்தவை மூன்றே மூன்று. நிறைய இருப்பது போலத் தெரிய, காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்தார்கள். பிளாஸ்டிக் உறைகளில் சின்னச் சின்ன மாசு இருந்ததால், ஸ்டீவ் ஜாப்ஸ் ஆட்களை உட்காரவைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவிட்டார். ஸ்ட்ராபெரி ரப்பர் கிடைத்திருக்காது, பாவம்.

சனிக்கிழமை. என் மேசையில் தமிழ்99 தட்டச்சு. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு தரப்படுத்திய விசைப்பலகை. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். மீன்பிடி வலை பின்னும் பெரியவர் ஒருவர் பேரனோடு வந்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, "நான் அடிக்கலாமா சார்?" என்றார். "அடிங்கய்யா, 'அம்மா'ன்னு அடிங்க." அ. ம. அப்புறம் இன்னொரு ம. திரையில் முதல் ம தலையில் தானாகப் புள்ளி விழுந்தது. "புள்ளி நான் வைக்கலியே!" அடுத்து ஆ. அம்மா. கீபோர்டு டக்கு டக்கென்று எதிரொலித்தது. அவர் அதையே பதினோரு தடவை அடித்தார். நான் எண்ணினேன். பேரன் அலுத்துப்போய், படம் வரைகிற டக்ஸ் பெயின்ட் இருக்கும் அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு என் கட்டைகள் மேல் விழுந்தவை: சுண்டல் மிளகாய்ப் பொடி, ஒரு சொட்டு ரோஸ்மில்க், எத்தனையோ விரல். ஒவ்வொரு தடவையும் 'ஐயோ' என்று மனசு அலறியது. வாய் "பரவால்ல, பரவால்ல" என்றது.

இரவு நோட்டைப் பார்த்து எல்லாம் திரும்பி வந்தது. மானிட்டர் சரி, சி.பி.யு. சரி, கேபிள் ரெண்டும் சரி. ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்துக் கீபோர்டைத் தட்டினேன். என்னுடையதில் ஸ்பேஸ் பார் இழுத்து இழுத்துத்தான் வேலை செய்யும். இது வெண்ணெய். திருப்பிப் பார்த்தேன். அடிவயிற்றில் பிளாஸ்டர் இருக்கிறது, எழுத்துதான் வேறு: 'எம்.கே.பி. நகர்'. கூடவே போன் நம்பர்.

மூன்று வாரமாகிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஆனால் என் பிளாஸ்டரில் போன் நம்பர் எழுத மறந்துவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.