வலியை அளந்த அம்மையார்

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது நம் முன்னோர் வாக்கு. பிறருடைய நோயைக் கணக்கிலும் அட்டவணையிலும் ஆராய்ந்த ஒருவரை அந்நோயே வந்து பற்றினால் அவர் என் செய்வார்? கலாநிதி பெலீசியா நோல் அம்மையாரின் வாழ்க்கை இக்கேள்விக்குச் சிறந்ததொரு விடையாகும்.

அம்மையார் கனடாவிற் பிறந்தவர். நாசிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய அவருடைய தந்தையார், மகள் இளம்பருவத்தினராய் இருந்தபோதே புற்றுநோய்க்கு இரையானார். அம்மையார் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பொருளியற் கலாநிதிப் பட்டம் பெற்று, மெக்சிக்கோ நாட்டில் வாழ்ந்து ஆராய்ச்சி செய்தார். வைத்தியச் செலவினால் குடும்பங்கள் எவ்வாறு வறுமையில் வீழ்கின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக, காப்புறுதியற்ற ஏழைகளுக்கென ‘மக்கள் காப்புறுதி’ என்னும் திட்டம் 2004ஆம் ஆண்டில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது சுகாதார அமைச்சராய் இருந்தவர் அவருடைய கணவர் ஹூலியோ பிரெங்க் ஆவார்.

2007ஆம் ஆண்டில் மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையும் அத்திட்டத்திற் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அம்மையாருக்கும் மார்புப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. மார்பை அகற்றும் அறுவைச் சிகிச்சையையும், உடலை வாட்டும் மருந்துச் சிகிச்சையையும் பெற்று அவர் உயிர் பிழைத்தார். கல்வியும் பொருளும் தக்க வைத்தியரும் தமக்கு வாய்த்தமை போல் எல்லாப் பெண்களுக்கும் வாய்ப்பதில்லை என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை.

காப்புறுதி வந்தபின் நன்மை விளைந்தது உண்மையே. மெக்சிக்கோவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில், மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையை இடையிற் கைவிட்டோர் முன்னர் நூற்றுக்கு 30 பேராயிருந்தனர். சில ஆண்டுகளில் அத்தொகை நூற்றுக்கு ஒருவராகக் குறைந்தது. எனினும், பெண்களிற் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே வைத்தியசாலைக்கு வந்தனர். அறியாமையும் நாணமும் அச்சமும் அவர்களைத் தடுத்தன. பணம் ஒரு கதவைத் திறந்தது. அக்கதவுக்குச் செல்லும் வழியை யாரேனும் காட்ட வேண்டியிருந்தது.

இதற்காக அம்மையார் 2008இல் ஓர் அமைப்பை நிறுவினார். அதன் பெயர் ‘தொமாத்தெலோ அ பெச்சோ’. ஸ்பானிய மொழியில் ‘பெச்சோ’ என்பது மார்பைக் குறிக்கும். அத்தொடர் முழுவதும் ‘நெஞ்சிற் பதித்துக்கொள்’ என்னும் பொருள் தரும். தாய்சேய் நலனுக்கும் வறுமை ஒழிப்புக்கும் ஏற்கெனவே வீடுதோறும் செல்லும் ஊழியர்களுக்கே மார்புப் புற்றுநோயின் அறிகுறிகளையும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிப் படை திரட்டாது, இருக்கும் படையைக் கொண்டே பல பகைவரை வெல்லும் உபாயம் இது.

அடுத்து அவர் நோக்கு உலகெங்கும் விரிந்தது. இரத்தப் புற்றுநோயின் ஒரு வகையினால் பீடிக்கப்படும் கனடாக் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவிற் பிழைக்கின்றனர். மிக வறிய நாடுகளிலோ ஏறக்குறைய அதே அளவினர் இறக்கின்றனர். நோய் ஒன்றே, பிறந்த இடமே வேறு.

குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியைத் தணிக்கலாமன்றோ? இவ்வினாவை ஆராய ‘லான்செற்’ மருத்துவ இதழ் அமைத்த குழுவுக்கு அம்மையார் தலைமை தாங்கினார். 2017இல் வெளியான அறிக்கையின்படி, 2015ஆம் ஆண்டில் 6 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயினாற் கடுந்துன்பம் அனுபவித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் வறிய நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தோர். உலகில் ஓராண்டில் வழங்கப்பட்ட மோர்பினும் அதனையொத்த மருந்துகளும் 298.5 தொன். மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்ததோ 0.1 தொன் மட்டுமே.

மோர்பின் விலையுயர்ந்த மருந்தன்று. அதன் உரிமைக்காலம் என்றோ முடிந்துவிட்டது. பெருந்தடையாய் நிற்பவை அச்சமும் கடுஞ்சட்டமும் பயிற்சிக் குறைவுமாம். மிகுதியாகப் பயன்படுத்துவதால் வரும் தீங்கையும் அறிக்கை மறைக்கவில்லை; அளவறிந்து வழங்கும் முறையையே வேண்டியது. உலகின் இக்குறையை நீக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டொலர் போதும் என்றும் கணக்கிட்டது. அது அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு வைத்தியசாலையை நடத்தும் செலவுக்குங் குறைந்ததாம்.

மெக்சிக்கோவின் மக்கள் காப்புறுதித் திட்டம் 2020இல் கைவிடப்பட்டது. திட்டங்கள் தோன்றும், மறையும். ஆயினும், ஏழையின் வலியையும் அளந்து கணக்கில் எழுதியாயிற்று. இனி அதனை அறியோம் என்று எந்த அரசும் கூற இயலாது.