பழைய காருக்கு மேலதிக மின் இணைப்பு

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. 1990இல் மின்சாரம் நின்றபின் பற்றரியே பல வீடுகளுக்கு விளக்கும் வானொலியும் ஆயிற்று. வயரை நேரே பற்றரியிற் கொழுவும் பழக்கம் எம்மிடம் இன்னும் இருக்கிறது. இரவில் அணைக்க மறந்தால் விடிய வண்டி ஸ்ராட் வராது. வீட்டில் நோயாளி இருந்தால் அது சிறிய பிழையன்று. திறப்பை எடுத்ததும் தானே நிற்கும் இணைப்பே நல்லது.

வேலைக்கு முன் பற்றரி வயர்களைக் கழற்றுங்கள். எந்த முனை காரின் உடலுடன் பூட்டப்பட்டிருந்தது எனக் கவனியுங்கள். 1960களின் நடுப்பகுதிக்கு முந்திய இக்கார்களில் அது பெரும்பாலும் நேர் (+) முனை. இக்காலச் சாதனங்களை மாறிக் கொழுவினால் எரிந்துவிடும்.

உடலிற் பூட்டாத முனையின் அருகே 10 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போடுங்கள். அங்கிருந்து வரும் வயரை றிலேயின் 30ஆம் முனையிலும், விளக்குக்குப் போகும் வயரை 87இலும் கொடுங்கள். லூக்காஸ் பியூஸ் பெட்டியின் ஏ4 முனை, திறப்பைத் திருப்பினால் மட்டுமே மின் தரும். அதை 86க்கும், 85ஐ உடலுக்கும் கொடுங்கள். வயர் தகட்டை ஊடறுக்கும் இடத்தில் இறப்பர் வளையம் இடுங்கள்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ பற்றரியை ஏற்றாது. ஆகவே நிற்கும் வண்டியில் நெடுநேரம் விளக்கு எரிக்கவேண்டாம்.