விலாவில் ஒரு சிறு துளை

என் தந்தையாரின் இடது விலாவில் ஒரு தழும்பு இருந்தது. முதுகுப் பக்கம் தொடங்கி வயிறு வரைக்கும் ஒரு சாணுக்கு மேலே நீண்டு, சாக்கு மூட்டையைத் தைத்ததுபோல இருபுறமும் தையல் புள்ளிகளோடு இருக்கும். கிணற்றடியில் அவர் குளிக்கும்போது பிள்ளைகள் நாங்கள் அந்தப் புள்ளிகளை எண்ணுவோம். "கல்லு எடுத்த எடம்" என்பார். 1978-ல் கோவையில் நடந்த ஆபரேஷன் அது. இருபத்திரண்டு நாள் படுக்கை. இரண்டு பாட்டில் ரத்தம். வழி போதாமல் கடைசி விலா எலும்பில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்களாம். வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு மாதம் அவர் ஏர் பிடிக்கவில்லை. எடுத்த கல்லைப் பென்சிலின் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுச் சுவர் அலமாரியில் அது பல காலம் இருந்தது.

அந்தத் தழும்பைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அது எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய சிறுநீரகத்தைக் காவு வாங்கப் பார்த்தது.

என் தங்கையைக் கொடுத்திருப்பது இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டுப் பக்கம். மாப்பிள்ளை ஏலத்தோட்டத்தில் கங்காணி. பூர்வீகம் கம்பம். ஒரு ஆவணி மாதத்து இரவில் அவருக்கு இடுப்பில் வலி பிடித்தது. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், வாந்தி எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள் சுவரைப் பிடித்தபடி நடந்திருக்கிறார். ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு வழியாக இறங்கி, கம்பத்தில் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்ததில், இடது சிறுநீரகத்தின் வாயில் 21 மில்லிமீட்டர் கல். நல்ல நீளமான ஏலக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். "யூராலஜி டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அவர் பார்க்கவில்லை. காய் எடுக்கிற நேரம், ஆளை விட்டுவிட்டுப் போக முடியாது என்பது வெளியே சொன்ன காரணம். உண்மைக் காரணத்தைத் தங்கைதான் எனக்குப் போனில் சொன்னாள். "மாமாவுக்குக் கீறுன மாதிரி என்னையும் கீறிப் போட்ருவாங்க. அப்புறம் நான் மலை ஏறி வேலை பாக்க முடியாது" என்று அழுதாராம். தோட்ட வேலையை நம்பியிருக்கும் மனிதருக்கு அந்தப் பயம் வந்ததில் தவறில்லை. ஆனால் பயந்தது 1978-ஆம் வருட ஆபரேஷனைப் பார்த்து.

பிறகு கைவைத்தியம். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம். சிறுபீளையை இந்தப் பக்கம் செறூள என்பார்கள். பொங்கலுக்கு ஆவாரம்பூ, வேப்பிலையோடு சேர்த்து நாம் காப்புக் கட்டுகிற அதே பூளைப்பூச் செடிதான். மலையாளத்தில் கல்லுருக்கி என்றே பெயர் வைத்த செடி ஒன்றும் உண்டு. அதையும் யாரோ பறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை நான் கேலி செய்ய மாட்டேன். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே சிறுநீரோடு வெளியேறிவிடும். அந்தச் சமயத்தில் குடிக்கிற எந்தக் கஷாயத்துக்கும் பெயர் கிடைத்துவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கல் அப்படிப் போவது அபூர்வம். 21 மில்லிமீட்டர் எங்கே போகும்?

பத்து நாளில் வலி நின்றது. "மச்சான், வலி போயிருச்சு. கல்லு கரைஞ்சிருச்சு" என்று அவரே போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் நம்பினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லடைப்பின் பெரிய வஞ்சகம் இதுதான். கல் வழியை அடைத்ததும் சிறுநீர் பின்னால் தேங்கி, சிறுநீரகம் புடைத்து, அந்த அழுத்தத்தில்தான் உயிர் போகிற வலி வருகிறது. அடைப்பு நீடித்தால் அடைபட்ட சிறுநீரகம் சிறுநீர் பிரிப்பதையே குறைத்துக்கொள்ளும். அழுத்தம் தணியும், வலியும் தணியும். கல் அங்கேயே இருக்கும். வாரங்கள் மாதங்களாகும்போது சிறுநீரகம் சத்தமில்லாமல் வேலையை நிறுத்திக்கொண்டே வரும். இன்னொரு சிறுநீரகம் நன்றாக இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே வலி நின்றதை வைத்துக் கல் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது; இன்னொரு முறை ஸ்கேன் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொங்கலுக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று கரும்புக் கட்டைத் தூக்கும்போது அவர் இடுப்பைப் பிடித்ததைப் பார்த்தேன். மறுநாளே வற்புறுத்தி, வாளையார் தாண்டிக் கோவைக்கு அழைத்துப் போனேன். கல் இருந்த இடத்திலேயே இருந்தது. நரம்பில் மருந்து செலுத்திச் சிறுநீரகத்தின் வேலையை அளக்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்தால் ஏறக்குறைய ஐம்பதுக்கு ஐம்பது காட்டும். மாப்பிள்ளைக்கு வலது 72, இடது 28.

எங்களைப் பார்த்த டாக்டர் பாலக்காட்டுக்காரர், மலையாளி. ஆனால் மாப்பிள்ளையிடம் சுத்தமான தமிழில் பேசினார். "பத்து, பதினைந்துக்குக் கீழே போயிருந்தால் கல்லை எடுப்பதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன், சிறுநீரகத்தையே எடுப்பதைப் பற்றித்தான் பேசியிருப்பேன்" என்றார். மாப்பிள்ளை சட்டையைத் தூக்கி, எங்கே கீறுவீர்கள் என்று கேட்டார். டாக்டர் தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டி, "இவ்வளவு துளை. அதுவும் முதுகில்" என்றார். மலையாளப் பத்திரிகைகளில் 'தாக்கோல் துவார சஸ்திரகிரியை' என்று போடுவார்களே, அதுதான். தாக்கோல் என்றால் சாவி. நம்மவர்கள் நுண்துளை அறுவை சிகிச்சை என்கிறோம். எனக்கென்னவோ சாவித்துவாரம்தான் பொருத்தமாகப் படுகிறது.

நடப்பது என்னவென்று டாக்டர் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். முதலில் சிறுநீர் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை ஏற்றி, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தைச் செலுத்துகிறார்கள். சிறுநீரகத்தின் உள்ளறைகள் திரையில் தெரிகின்றன. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே விலாவுக்குக் கீழே ஒரு நீண்ட ஊசியைச் சரியான அறைக்குள் இறக்குகிறார்கள். டாக்டரின் கைத்திறமையெல்லாம் இந்த ஓர் ஊசியில்தான். தவறினால் ரத்தக்குழாய், நுரையீரல் உறை, குடல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊசி வழியே கம்பி, கம்பியின் மேலே படிப்படியாகத் தடித்த குழாய்கள். துளை சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விரிந்ததும், அதன் வழியே தொலைநோக்கி போன்ற கருவி உள்ளே போகிறது. கல்லை நேரில் பார்த்தபடியே உடைத்து, துண்டுகளைக் குறடு போன்ற கருவியால் வெளியே எடுத்துவிடுகிறார்கள். சதையை அறுப்பதற்குப் பதில் விலக்கி வழி செய்வதால், கருவி வெளியே வந்ததும் அது தானே சேர்ந்துகொள்கிறது. இதற்குப் பி.சி.என்.எல். என்று பெயர். ரத்தப் போக்கு, காய்ச்சல் போன்ற ஆபத்துகள் இதிலும் உண்டு என்பதை டாக்டர் மறைக்கவில்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

காத்திருந்த நாட்களில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முன்கூட்டித் திட்டமிட்டு இப்படித் துளை வழியாகக் கல் எடுத்ததைச் ஸ்வீடன் நாட்டின் ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் என்ற இரு டாக்டர்கள் 1976-ல் எழுதினார்கள். மூன்றே நோயாளிகள். அவர்களில் ஃபெர்ன்ஸ்ட்ரோம் அறுவை நிபுணர் அல்லர், எக்ஸ்ரே நிபுணர். அதைப் படித்தபோது மனம் என்னவோ செய்தது. எங்கள் தந்தையாரைக் கீறியது அதற்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகு. அப்போது அந்த முறை உலகில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளுக்கே தெரியாது. நம் ஊருக்கு எங்கே தெரிந்திருக்கும்?

1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் சௌசி என்ற டாக்டரின் குழு, உடம்பில் துளையே போடாமல் வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திச் சிறுநீரகக் கல்லை உடைத்தது. அந்தக் கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. அதிவேக விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் ஆகும் என்று ஆராய்ந்தவர்களின் அனுபவம் கடைசியில் கல் உடைக்கப் பயன்பட்டது. சிறு கற்களுக்கு அது இன்றும் உண்டு. சிறுநீர் வழியாகவே வளையும் குழாயை ஏற்றி, லேசரால் கல்லைப் பொடியாக்கும் முறையும் இப்போது பரவலாக நடக்கிறது. ஆனால் 2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு முதுகுத் துளையே முதல் வழி என்கிறார்கள்.

நம் நாட்டுப் பங்கையும் சொல்லியாக வேண்டும். குஜராத்தில், சர்தார் படேல் பிறந்த நடியாத் என்ற சிறு நகரத்தில், 1978-ல் சிறுநீரக நோய்களுக்கென்றே முல்ஜிபாய் படேல் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்குள்ள டாக்டர் மகேஷ் தேசாயும் அவரது குழுவினரும் 2011-ல் வெளியிட்ட முறையில், துளை வெறும் 1.6 மில்லிமீட்டர். ஊசியின் உள்ளேயே கண் வைத்திருக்கிறார்கள். அதே ஊசி வழியாகவே லேசரைச் செலுத்திக் கல்லைத் தூளாக்குகிறார்கள். சிறு கற்களுக்குத்தான் இது பொருந்தும்.

மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம். மறுநாள் எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் முதுகுக் குழாயை எடுத்தார்கள். நான்காம் நாள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானுங்களா மாப்ள?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு அலமாரியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

செலவைப் பற்றி எல்லைப்புறக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும். கேரளத்துக் காருண்யா திட்டம் வேறு. வேலை மலைமேல், கார்டு கம்பத்தில் என்று இருப்பவர்கள், எந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நாங்கள் சேர்ந்த பிறகு கேட்டோம். நகை அடகுக்குப் போனது.

கல் ஏன் வந்தது? குப்பியில் கொடுத்த துண்டுகளைச் சோதித்ததில் கால்சியம் ஆக்சலேட். பெரும்பாலானோருக்கு வருவது இதுவே. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?" என்று டாக்டர் கேட்டபோது மாப்பிள்ளையிடம் பதில் இல்லை. காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீ. மலை குளிராக இருப்பதால் தாகமே தெரியாது. ஏற்றத்தில் வியர்ப்பது மட்டும் நிற்காது. தோட்டத்தில் பெண்கள் பாடு இன்னும் மோசம். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்று தங்கை சொன்னாள். எங்கள் சித்தூர்ப் பக்கமோ வேறு கதை. கோடையில் கணவாய்க் காற்று அனலாக அடிக்கும். இரண்டு இடத்துக்கும் மருந்து ஒன்றுதான். நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரிகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். பாலை நிறுத்தக் கூடாது. கால்சியம் உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கல் குறைவாகவே வந்தது என்று அமெரிக்காவில் நாற்பத்தைந்தாயிரம் ஆண்களைக் கவனித்து 1993-லேயே எழுதிவிட்டார்கள். கல் இருக்கும்போது குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆபரேஷனின்போது சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டிருந்தார்கள். இரு முனையும் சுருண்டிருக்கும், வெளியே தெரியாது. நான்கு வாரத்தில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லித் தேதி எழுதியிருந்தது. ஐந்தாவது வாரம் போன் செய்தால், "கவாத்து நடக்குது மச்சான். ஒண்ணும் தொந்தரவு இல்ல, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்கிறார்.

அன்று இரவே பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று மாறி மாறி, விடிந்து வண்டன்மேடு போய்ச் சேர்ந்து, அவரைக் கையோடு அழைத்து வந்தேன். டாக்டர் கோபிக்கவில்லை. ஓர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். வேறு யாரோ ஒருவருடையது. குழாயை மறந்து மூன்று வருடம் கழித்து வந்தவர். நூல் போல இருக்க வேண்டிய ஸ்டென்ட், இரு முனையிலும் கல் படிந்து பவழக்கொத்து மாதிரி இருந்தது. அவருக்கு மறுபடியும் முதுகில் துளை போட வேண்டியிருந்ததாம். மாப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய குழாயை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது 31. போனது முழுவதும் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்த ஸ்கேன் ஆவணியில், மறுபடியும் காய் எடுக்கிற நேரத்தில் வருகிறது. தங்கை காலண்டரில் வட்டம் போட்டு, ஜீப்புக்காரரிடமும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.