காகிதப் பேய் வீடு

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்நகரில் வேரூன்றும் வழக்கம் எதுவாயினும், தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி ஓரிரு ஆண்டுகளில் நம் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. அக்டோபர் 31 மாலையில் கொண்டாடப்பெறும் ஹாலோவீனும் அவ்வாறே வந்தது. சென்ற ஆண்டு, பள்ளிப் பணிக்காகக் காகிதத்தில் 'பேய் வீடு' செய்யக் கற்றுத் தரும்படி மறைக்கல்வி மாணவர் எழுவர் குருமனைக்கு வந்தனர். பின்னாலேயே ஒரு தாயும் வந்தார். "சாமி, இது பாவமில்லையா?" என்றார்.

அன்பர்களே, ஹாலோவீன் என்னும் சொல்லுக்கே புனிதர் அனைவர் பெருவிழாவின் முந்திய இரவு என்றுதான் பொருள். 8-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை 3-ஆம் கிரகோரியார் உரோமையில் புனிதர் அனைவருக்கும் ஒரு சிற்றாலயத்தை நேர்ந்தளித்தார். நவம்பர் 1 அவர்களுக்குரிய நாளாக நிலைத்தது. மறுநாளை இறந்தோர் நினைவுக்கென ஒதுக்கியவர் கிளூனி மடத்தலைவர் புனித ஓதிலோ. அயர்லாந்து மக்கள் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றி வந்தனர். அமெரிக்காவில் குடியேறியபின் பூசணிக்காயைக் குடைந்தனர். கடைக்காரர்கள் முகமூடி விற்கத் தொடங்கியது பின்னரே. இவற்றைக் கேட்ட தாய் அரைமனதோடு அமர்ந்தார்.

எந்த வீட்டைச் செய்வது? ஆங்கிலேயர் காலத்துச் சேலம் ஆட்சியர் பிரெட் என்பவர், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் போல ஓசூரில் ஒரு மாளிகை கட்டுவித்ததாகக் கூறுவர். பின்னாளில் அது பாழடைந்தது. அமெரிக்கப் பேய் வீடு நமக்கெதற்கு? நம்மூர் இடிபாடே போதும் என்று முடிவாயிற்று.

தடித்த அட்டைத்தாளில் நான்கு சுவர்களையும் அடுத்தடுத்து வரைந்து, ஒட்டுவதற்கு அரை அங்குல ஓரம் விட்டோம். மடிக்கும் கோட்டின்மேல் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒருமுறை அழுத்தி இழுத்தால்தான் மடிப்பு நேராக வரும். சன்னல்களை ஒட்டுமுன்பே வெட்டி, உட்புறம் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டவேண்டும். சுவர் எழுந்தபின் கை நுழையாது. வட்டக் கோபுரத்திற்குத் தாளைச் சுருட்டி, அடியோரத்தைப் பல்பல்லாக நறுக்கி விரித்து ஒட்டினோம். சுவரின் மேல்விளிம்பைக் கோணலாக வெட்டினால் பாழடைந்த தோற்றம் தானே வந்துவிடுகின்றது. முதல் வீட்டை மைதாப் பசையால் ஒட்டிய தவறு நம்முடையது. ஈரத்தில் அட்டை நெளிந்து, இடிபாடு உண்மையாகவே இடிந்தது. உள்ளே மெழுகுதிரி கூடாது. மின்கல விளக்கு மட்டுமே.

இறுதியாக வெள்ளைத்தாள் பேய்களை ஒட்டும் வேளையில், ஒரு சிறுவன் தன் வீட்டில் ஒட்ட மறுத்தான். அவன் தந்தை இரவுப்பணி முடிந்து திரும்புகையில் நெடுஞ்சாலை விபத்தில் இறந்து ஓராண்டு ஆகவில்லை. எல்லோரும் சென்றபின் கேட்டான்: "சாமி, விபத்துல செத்தவங்க அந்த எடத்துலயே அலைவாங்களா? பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த வழியா போகாதேன்னு சொல்றாங்க."

அகால மரணமடைந்தோர் ஆவியாய் அலைவர் என்பது நம் ஊர்களில் ஊறிப்போன பேச்சு; கத்தோலிக்க வீடுகளும் அதற்கு விலக்கல்ல. இளங்குருவாயிருந்த நாளில் நாமும் உத்தரிக்கும் ஆன்மாக்களைப் பற்றி மக்கள் நடுங்கும்படி மறையுரை ஆற்றியிருக்கிறோம். அத்தாய் காகிதத்தைக் கண்டு அஞ்சினார். இப்பேச்சுக்கன்றோ நாம் அஞ்சியிருக்க வேண்டும்? "உன் அப்பா எங்கும் அலையவில்லை, தம்பி. இறைவனிடம் இருக்கிறார். அவருக்காக நீ செபிக்கலாம், அவரோடு பேசலாம்" என்றோம். அவன் நம்பினானா என்று முகத்திலிருந்து அறியக்கூடவில்லை.

நவம்பர் 2 மாலை கல்லறைத் தோட்டத்தில் மந்திரிப்பு நடந்தது. ஓசூர் ரோஜாக்களும் மெழுகுதிரிகளும் ஒவ்வொரு கல்லறையிலும் நிறைந்திருந்தன. சிறுவன் தாயோடு வந்து, தந்தையின் சிலுவைக்கருகே காகித வீட்டை வைத்து, விளக்கைப் போட்டான். மஞ்சள் சன்னல்கள் ஒளிர்ந்தன.

பள்ளியில் அவ்வீட்டிற்கு மதிப்பெண் குறைந்ததாம். பேய் இல்லை என்பதே காரணமாம். "பரவாயில்ல சாமி" என்றான். திரும்பும்போது தாயும் மகனும் அந்த நெடுஞ்சாலை வழியாகவே நடந்து சென்றனர்.